சீகன்பால்கு: இந்த ஜெர்மன் குடும்பப்பெயர் எங்கே பிறந்தது, இன்று எவ்வளவு அரிது?

கேள்வி இதுதான்: 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கின் பெயரில் இருக்கும் ‘சீகன்பால்கு’ எதைக் குறிக்கிறது? அது ஊர்ப்பெயரா, குடும்பப்பெயரா? ஜெர்மனியில் இன்றும் அந்தப் பெயர்க்காரர்கள் இருக்கிறார்களா? இருந்தால் எல்லாரும் அவர் வழிவந்தவர்கள்தானா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது குடும்பப்பெயர்தான், ஊர்ப்பெயர் இல்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வெள்ளாட்டுத் தோல்’. இன்றும் ஜெர்மனியில் உண்டு, ஆனால் அரிது. முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்களை லட்சக்கணக்கில் எண்ண வேண்டும். இதை நூற்றுக்கணக்கில்தான் எண்ண முடியும். பெரும்பாலானவர்கள் கிழக்கு சாக்சனியில், டிரெஸ்டன் நகரிலிருந்து பௌட்சன் மாவட்டம் வரையிலான பகுதியில் இருக்கிறார்கள். அவர் வழிவந்தவர்களா என்ற கேள்விக்கு, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே அப்படிச் சொல்லிவிட முடியாது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிக்கலாம். ஜெர்மனில் இசட் எழுத்துக்கு ‘ட்ஸ’ ஒலி. சொல்லின் கடைசியில் வரும் ‘g’ எழுத்து ‘க்’ என்று அழுத்தி ஒலிக்கும். நடுவில் உள்ள ‘ப’ குறில். ஆக ஜெர்மன்காரர் வாயில் இது ஏறக்குறைய ‘ட்ஸீகன்பல்க்’. தமிழில் ‘ட்ஸ’ முதலெழுத்தாக நிற்காது, அதனால் ‘சீ’ ஆனது. ‘பல்க்’ நீண்டு ‘பால்க்’ ஆகி, மெய்யில் முடிய மனம் வராமல் ஓர் உகரம் சேர்ந்து ‘பால்கு’ ஆனது. முந்நூறு வருஷமாக நம்மிடம் புழங்கிய வடிவம் இது, இனி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஜெர்மன் ஆவணங்களில் தேடுகிறவர் அசல் ஒலியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘சீ’ என்ற ஒலியை நம்பி எஸ் எழுத்தின் கீழ் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘ட்ஸீக’ என்றால் வெள்ளாடு. ‘பல்க்’ என்பதைப் பொதுவாகத் தோல் என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்மனில் தோலுக்கு வேறு சொற்களும் இருக்கின்றன. மாடு போன்ற பெரிய விலங்கின் தோலுக்கு ஒன்று, மயிரோடு கூடிய தோலுக்கு ஒன்று. ‘பல்க்’ என்பது சின்ன விலங்கிலிருந்து கிழிக்காமல், பை மாதிரி முழுசாக உரித்தெடுத்த தோல். அப்படி உரித்த தோலில் காற்றை அடைக்கலாம், தண்ணீரையும் அடைக்கலாம். அதனாலேயே கொல்லன் உலையில் ஊதுகிற துருத்திக்கும், தேவாலய ஆர்கனுக்குக் காற்றுக் கொடுக்கும் துருத்திக்கும் ஜெர்மனில் ‘பல்க்’ என்றே பெயர். தமிழில் ‘துருத்தி’ என்ற சொல்லும் இதே இரண்டு வேலையையும் செய்கிறது. உலைக்கு ஊதுவதும் துருத்தி. ‘பழந்துருத்திகளில்’ புது திராட்சரசம் ஊற்றுவதில்லை என்று பைபிளில் வரும் தோல்பையும் துருத்தி. ஆகவே ‘ஆட்டுத்தோல்’ என்பதைவிட ‘ஆட்டுத்துருத்தி’ என்பதே இந்தப் பெயருக்கு நெருக்கமாக எனக்குப் படுகிறது. இன்றைய பேச்சு ஜெர்மனில் ‘பல்க்’ என்றால் அடங்காத பிள்ளை என்ற வசவும் உண்டு. இந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.

சரி, ஒரு குடும்பத்துக்கு ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள்? யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்தது இல்லை. ஜெர்மன் குடும்பப்பெயர்களை ஆராய்கிறவர்கள் அவற்றை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: தந்தை அல்லது மூதாதை பெயரிலிருந்து வந்தவை, வந்த ஊரைச் சொல்பவை, குடியிருந்த இடத்தைச் சொல்பவை (ஆற்றோரம், மேட்டுமேல் என்பது போல), தொழிலைச் சொல்பவை, பட்டப்பெயர்கள். சீகன்பால்கு ஐந்தாவது வகை. ஆனால் நான்காவதின் வாடை அடிக்கிற ஐந்தாவது வகை. தொழிலை நேராகச் சொல்லாமல் அந்தத் தொழிலில் கையில் எப்போதும் இருக்கும் பொருளைச் சொல்லிக் கூப்பிடுவது. ஜெர்மனில் இது ஏராளம். ‘நாகல்’ என்றால் ஆணி. ஆணி அடித்துச் செய்த கொல்லனின் பெயராகப் போயிருக்கிறது. ‘ஃபெஃபர்’ என்றால் மிளகு. மிளகு விற்ற வியாபாரி. ‘மேல்ஹோஸ’ என்றால் மாவு படிந்த கால்சட்டை. மாவு மில்காரரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? எனக்கு மிகவும் பிடித்தது ‘க்னீரீம்’. செருப்புத் தைப்பவர் முழங்காலில் செருப்பை அழுத்திப் பிடிக்கக் கட்டிக்கொள்ளும் வார்தான் அது. ஊரார் அந்த ஆளைத் தினமும் எந்தக் கோலத்தில் பார்த்தார்களோ அதுவே பெயராகிவிட்டது.

அந்தக் கணக்கில் முதல் ‘ஆட்டுத்துருத்தி’ யார்? தோல் பதனிடுபவர், உரோமத்தோல் தைப்பவர், ஆட்டுத்தோல் வாங்கி விற்றவர் ஆகிய மூன்றும் இயல்பாகப் பொருந்தும். துருத்தி செய்தவராகவும் இருக்கலாம். இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவைக்கிறேன், இது என் ஊகம் மட்டுமே. இந்தப் பெயர் பிறந்த பகுதிக்குப் பக்கத்திலேயே லுசாஷியா என்ற வட்டாரம். அங்கே சோர்பியர் என்ற ஸ்லாவிய மொழி பேசும் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய பைக்குழல் வாத்தியத்துக்குப் பெயரே ‘கோஸொல்’, அதாவது கிடா. மயிர் வெளியே தெரியும்படி ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, கக்கத்தில் இடுக்கி வாசிப்பார்கள். அப்படி ஒரு வாத்தியக்காரனை ஜெர்மன் பேசும் அண்டைவீட்டார் ‘ஆட்டுத்துருத்தி’ என்று கூப்பிட்டிருந்தால் அதிசயமில்லை. ஆனாலும் பந்தயம் கட்டச் சொன்னால் நான் தோல் வியாபாரத்தின் மேல்தான் கட்டுவேன். தோல் தொழில் ஊருக்கு ஊர் இருந்தது. பைக்குழல்காரர் அத்தனை பேர் இல்லை.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் காலத்தில் இந்தப் பெயருக்கும் தொழிலுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் 1682-ல் பிறந்தார். அப்பாவின் பெயரும் பார்த்தலோமேயு. அவர் தானிய வியாபாரி. நம்மிடம் அப்பா பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். ஜெர்மன் குடும்பப்பெயர் அப்படியில்லை, ஒருமுறை ஒட்டிக்கொண்டால் நூற்றாண்டுக் கணக்கில் இறங்கி வரும். ரைன் நதிக்கரை நகரங்களில் 12-ம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கம் தொடங்கியது. நகரம் பெருத்து, ஒரே தெருவில் நான்கு யோஹான் இருந்தால் எந்த யோஹானிடம் வரி வாங்குவது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். அங்கிருந்து கிழக்கேயும் கிராமங்களுக்கும் பரவ அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின. வடமேற்கு மூலையில் உள்ள கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் பிடிவாதமாக அப்பா பெயரையே சேர்த்துக்கொண்டு வந்தார்கள்; 1811-ல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை வந்த பிறகுதான் நிலையான பெயர் எடுக்க வேண்டியதாயிற்று. காலக்கணக்கில் கிழக்கு சாக்சனி இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே முதல் ஆட்டுத்துருத்திக்காரர் நம்முடைய சீகன்பால்குக்குப் பல தலைமுறை முன்னால் வாழ்ந்தவர். தானியம் விற்ற அப்பாவுக்கு அது வெறும் பெயர்.

இனி, இந்தப் பெயர் கிழக்கு சாக்சனியில்தான் பிறந்தது என்று எப்படித் துணிந்து சொல்கிறேன்? இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

வெள்ளாட்டுக்கு ஜெர்மன் முழுவதும் ஒரே சொல் இருந்ததில்லை. தெற்கிலும் தென்மேற்கிலும், அதாவது பவேரியா, ஸ்வாபியா, சுவிட்சர்லாந்து பக்கங்களில், வெள்ளாடு ‘கைஸ்’. ‘ட்ஸீக’ என்பது கிழக்கு-மத்திய ஜெர்மனியின் சொல். சாக்சனியும் துரிங்கியாவும் அதன் தாய்மண். வடக்கே கடலோர வட்டாரங்களில் வேறு வடிவங்கள். இன்று எல்லா ஜெர்மன் பாடப்புத்தகத்திலும் ‘ட்ஸீக’ இருக்கிறது என்றால், அதற்கு மார்ட்டின் லூதர் ஒரு முக்கியக் காரணம். அவர் அந்த வட்டாரத்துக்காரர். தன் பைபிள் மொழிபெயர்ப்பில் தன் ஊர்ச் சொல்லையே போட்டார், அது நாடு முழுக்கப் பரவியது. ஆனால் குடும்பப்பெயர்கள் உருவானது அதற்கு முன்பு. அதனால் வெள்ளாட்டை வைத்துப் பெயர் பெற்ற தெற்கத்திக் குடும்பங்கள் ‘கைஸ்லர்’, ‘கைஸ்பூலர்’ என்று இருக்கும். ‘ட்ஸீகன்’ என்று ஆரம்பிக்கிற பெயர் தெற்கில் பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

லூதரின் புதிய ஏற்பாடு 1522-ல் வந்தது. மறு வருஷமே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஆடம் பெட்ரி என்ற அச்சுக்காரர் அதை மறுபதிப்புச் செய்தார். தன் ஊர் வாசகர்களுக்கு லூதரின் சொற்கள் பல புரியவில்லை என்று, பின்னால் ஒரு சொற்பட்டியலைச் சேர்த்தார்: இந்தப் பக்கம் லூதரின் சொல், அந்தப் பக்கம் தெற்கத்திச் சொல். அந்தப் பட்டியலில் ‘வெள்ளாட்டுத் தோல்’ என்ற சொல்லே இருக்கிறது. ‘ட்ஸீகன்ஃபெல்’ என்றால் ‘கைஸ்ஃபெல்’ என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். 1523-ல் ஒரு பாசல்காரருக்கு ‘ட்ஸீகன்’ என்று தொடங்கும் தோல் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது! அந்தச் சொல்லோடு ஒரு குடும்பப்பெயர் தெற்கே முளைத்திருக்குமா, சொல்லுங்கள்.

லூதர் அந்தச் சொல்லைப் போட்ட இடம் எபிரேயர் நிருபம், 11-ம் அதிகாரம், 37-ம் வசனம். துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் ‘செம்மறியாட்டுத் தோல்களையும் வெள்ளாட்டுத் தோல்களையும் போர்த்துக்கொண்டு’ திரிந்தார்கள் என்று இன்றைய தமிழ் பைபிளில் வருகிறதே, அதே வசனம். தரங்கம்பாடி அச்சகத்தில் 1714-15-ல் அச்சான புதிய ஏற்பாட்டை முதலில் தமிழில் மொழிபெயர்த்தவர் சீகன்பால்கு. இந்த வசனத்துக்கு வந்தபோது தன் குடும்பப்பெயரின் பொருளையும் சேர்த்தே தமிழாக்க வேண்டியிருந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பாவது வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

அவருடைய சொந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். டிரெஸ்டனிலிருந்து வடகிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்ன நகரம். இன்று ஜெர்மனியில் அந்த ஊர் பெயரைச் சொன்னால் மசாலா கேக்தான் ஞாபகம் வரும். ‘மிளகுக் கேக்’ என்று பொருள்படும் பெயரில் 1558 முதல் அங்கே அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கும் அதை ஒட்டி ஓடும் சிற்றாற்றுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயர் ஜெர்மன் இல்லை, ஸ்லாவியம். அந்த ஆறு இடைக்காலத்தில் மைசன் ஆட்சிப்பகுதிக்கும் மேல் லுசாஷியாவுக்கும் எல்லை. லுசாஷியா 1635 வரை பொஹீமிய அரசுக்கு உட்பட்டிருந்தது, அப்புறம்தான் சாக்சனியோடு சேர்ந்தது. ஊர்ப்பெயர்கள் ஸ்லாவியம், குடியேறிய உழவரும் கைவினைஞரும் ஜெர்மானியர். இப்படிப்பட்ட கலப்புப் பகுதியில் குடும்பப்பெயர்களிலும் இரண்டு மொழியும் கலந்தே இருக்கும். சீகன்பால்கு அவற்றில் சுத்த ஜெர்மன் ரகம்.

அடுத்தது எண்ணிக்கை. ஜெர்மனியில் எந்தக் குடும்பப்பெயர் எத்தனை பேருக்கு என்று அரசாங்கம் புள்ளிவிவரம் வெளியிடுவதில்லை. பெயர் ஆய்வாளர்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் தொலைபேசிப் பட்டியல். ஜெர்மன் குடும்பப்பெயர் நிலப்பட ஏட்டை உருவாக்கியவர்களும், மைன்ஸ் நகர அறிவியல் கழகத்தில் 2012 முதல் நடக்கும் மின்னணு குடும்பப்பெயர் அகராதியும் 2005-ம் ஆண்டு வீட்டுத் தொலைபேசி இணைப்புகளையே அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் இணைப்புகள். அவற்றில் சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் வெவ்வேறு குடும்பப்பெயர்கள். ஏன் 2005 என்றால், அதற்குப் பின் ஆட்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள், பட்டியல் ஓட்டையாகிவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்னே போனாலும் பிரச்சினை: கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது வீட்டில் போன் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. 1990-ஐ ஒட்டிய பட்டியலை வைத்து சாக்சனிப் பெயர்களை எண்ணினால், இருப்பதைவிட அரிதாகத் தெரியும்.

அப்போதைய மக்கள்தொகை 8 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேல். இணைப்புகளால் வகுத்தால் ஒரு இணைப்புக்கு ஏறக்குறைய மூன்று பேர். இதுதான் பெருக்குகிற எண். முதலிடத்தில் உள்ள முல்லருக்கு 2 லட்சத்து 56 ஆயிரம் இணைப்புகள், ஆகவே ஏழு லட்சம் பேருக்கு மேல். இரண்டாவதான ஷ்மிட் 1 லட்சத்து 90 ஆயிரம். அங்கிருந்து வரிசை செங்குத்தாக இறங்கும். கீழே ஒரு பெருங்கூட்டம் பெயர்கள் ஒன்று, இரண்டு, ஐந்து இணைப்புகளோடு கிடக்கும். அவற்றில் பல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுடையவை, சில வெறும் எழுத்துப்பிழை. சீகன்பால்கு அந்த அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் சாதாரண ஜெர்மன்காரர் வாழ்நாளில் ஒருவரைக்கூடச் சந்திக்காத உயரத்தில் நிற்கிறது. இணையத்தில் சில தளங்கள் ‘உலகில் இத்தனை பேர்’ என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியமாகப் போடும். அரிய பெயர்களுக்கு அந்த எண்ணை நம்ப வேண்டாம். முல்லரில் நூறு பேர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. இங்கே ஒரு பெரிய குடும்பம் போன் இணைப்பைத் துண்டித்தாலே கணக்கு ஆடிப்போகும்.

எண்ணைவிட நிலப்படம் அதிகம் பேசும். பெயரைக் கொடுத்தால் மாவட்டவாரியாக நிறம் தீட்டிக் காட்டும் தளங்கள் உண்டு. பார்க்கும்போது மொத்த எண்ணிக்கைப் படத்தை ஒதுக்கிவிட்டு, லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதப் படத்தைப் பாருங்கள். முதல் படத்தில் எந்தப் பெயரும் பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் பளபளக்கும், அங்கே ஆள் அதிகம், அவ்வளவுதான். விகிதப் படத்தில் சீகன்பால்கு ஒரே இடத்தில் அடர்த்தியாக விழும்: புல்ஸ்னிட்ஸைச் சுற்றிய கிழக்கு சாக்சனி. மற்ற இடங்களில் ஒன்றிரண்டு புள்ளி. பெயர் ஒரே இடத்தில், ஒரே குடும்பத்திலோ ஓரிரு குடும்பங்களிலோ பிறந்தது என்பதற்கு இதுபோல் அடையாளம் வேறில்லை.

மேற்கே சிதறிய புள்ளிகளைப் பார்த்துவிட்டு ‘அங்கேயும் தனியாகப் பிறந்திருக்கிறது’ என்று முடிவுகட்டக் கூடாது. 1961-ல் பெர்லின் சுவர் எழும்பும் முன் லட்சக்கணக்கானோர் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டார்கள். 1990-க்குப் பின் வேலை தேடி இன்னொரு அலை. இதைத் தாண்டிப் பழைய நிலவரம் தெரிய வேண்டுமானால் முதல் உலகப்போரின் இழப்புப் பட்டியல் கைகொடுக்கும். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என ஜெர்மன் ராணுவம் அச்சிட்ட பட்டியல் அது. கணினி வழிக் குடிமரபு ஆர்வலர் சங்கத்தின் தொண்டர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பலருக்குச் சொந்த ஊரும் போட்டிருக்கும். சோகமான ஆவணம்தான், ஆனால் நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெயர் எங்கே நின்றது என்று பார்க்க அதற்கு ஈடு கிடையாது.

ஏன் இவ்வளவு அரிது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஷ்மிட் என்றால் கொல்லன். ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், ஆகவே ஆயிரம் ஊரில் ஆயிரம் முறை அந்தப் பெயர் தனித்தனியாகப் பிறந்தது. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட ஊர் வைத்த குறும்புப்பெயர் ஒருமுறைதான் பிறக்கும். அப்படிப் பிறந்ததும் எல்லாம் பிழைப்பதில்லை. 1870-களில் பிரிட்டனில் ஃபிரான்சிஸ் கால்டன் என்பவரும் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். ஒரு தலைமுறைக்கு ஆணுக்குச் சராசரி ஒரு மகன் என்று வைத்துக்கொண்டால், நாட்டின் மக்கள்தொகை குறையாவிட்டாலும், தனிப்பட்ட ஒவ்வொரு பெயரும் என்றைக்காவது அற்றுப்போகும். ஒருவருக்கு நான்கு மகன், பக்கத்து வீட்டில் நான்கும் மகள் என்றால் அங்கே பெயர் அதோடு அற்றுப்போனது. இதோடு சாக்சனி 1618-48 முப்பதாண்டுப் போரில் பட்ட அடியையும், கொள்ளைநோய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் தாண்டி ஒற்றைக் கிளைப் பெயர் ஒன்று நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

சட்டமும் ஒரு கை பார்த்தது. மேற்கு ஜெர்மனியில் 1976 வரை கல்யாணமானால் கணவன் பெயர்தான் குடும்பப்பெயர். அந்த வருஷம் மனைவி பெயரையும் எடுக்கலாம் என்றார்கள், ஆனால் இருவருக்கும் ஒத்துவராவிட்டால் கணவன் பெயரே என்று வைத்தார்கள். 1991-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. 1994 முதல் இருவரும் அவரவர் பெயரை வைத்துக்கொள்ளலாம். 2025 மே முதல் இரு பெயரையும் கோடிட்டுச் சேர்த்துத் தம்பதியும் குழந்தைகளும் வைத்துக்கொள்ள வழி வந்திருக்கிறது. அரிய பெயர் கொண்ட பெண்களுக்கு இது நல்ல செய்தி. எதிர்த்திசையில், கேலிக்கு இடமாகும் பெயரை மாற்றிக்கொள்ளவும் ஜெர்மனியில் அனுமதி உண்டு, தகுந்த காரணம் காட்டினால் போதும். ‘பல்க்’ என்ற வசவைச் சகிக்க மாட்டாமல் யாராவது அந்த வழியில் போயிருந்தால் பெயர் இன்னும் சுருங்கியிருக்கும்.

ஒலியை வைத்து உறவு கொண்டாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ட்ஸீக்லர்’ என்ற பெயர் ஜெர்மனி முழுக்க இருக்கிறது; ஆட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது செங்கல், ஓடு சுட்டவர் பெயர். லத்தீனில் ஓட்டைக் குறிக்கும் ‘தேகுலா’ ஜெர்மனுக்குப் போய் அப்படி ஆனது. ‘ட்ஸீகன்ஹால்ஸ்’ என்பதை ஆட்டுக்கழுத்து என்று பிரிக்கலாம், ஆனால் சைலீஷியாவில் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருந்தது, அந்தக் குடும்பங்களில் பல ஊர்ப்பெயரால் வந்தவை. ‘ட்ஸீகன்ஃபூஸ்’, ஆட்டுக்கால், துரிங்கியாவின் ஐக்ஸ்ஃபெல்ட் பக்கம் நிறையக் கிடைக்கும். அது வேறு குடும்பம், வேறு கதை.

இனி வாரிசு விஷயம். சீகன்பால்கு 1716-ல் ஐரோப்பா திரும்பியிருந்தபோது மரியா டொரோத்தேயா சால்ட்ஸ்மன் என்பவரை மணந்து, அவரோடு தரங்கம்பாடிக்கு வந்தார். 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் இறந்தார். அவர் மகன்களில் ஒருவர் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியரானார். ஆக அவருடைய நேர்வழி ஜெர்மனியை விட்டே விலகிப் போனது. இன்று சாக்சனியில் இருக்கும் சீகன்பால்குகள் பெரும்பாலும் அவருடைய ஒன்றுவிட்ட பங்காளிகளின் வழியாகத்தான் இருக்க முடியும்: ஊரிலேயே தங்கிவிட்ட கிளைகள். நம் ஊரிலிருந்து யாராவது போய் ‘உங்கள் தாத்தாதான் தமிழில் பைபிள் அச்சிட்டார்’ என்று கைகுலுக்கினால், ‘தாத்தாவின் தாத்தாவுக்குத் தூரத்துச் சொந்தம்’ என்று அவர்கள் திருத்தினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதை ஆவணத்தில் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். 1876 ஜனவரி முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவாளரிடம் பதிவாகின்றன. அதோடு எழுத்துக்கூட்டல் உறைந்துவிட்டது. அதற்கு முன்னால் லுத்தரன் தேவாலயப் பதிவேடுகள்தான். அங்கே போதகர் காதில் விழுந்ததை எழுதினார். கடைசி எழுத்தை ஒருவர் ‘g’ என்பார், இன்னொருவர் ‘gk’, ‘ck’, ‘gh’ என்று எதையாவது போடுவார். எல்லாவற்றையும் தேடுங்கள். பெண்களின் குடும்பப்பெயரில் ‘இன்’ என்ற விகுதி சேர்ந்திருக்கும். சால்ட்ஸ்மன் வீட்டுப் பெண் ‘சால்ட்ஸ்மன்னின்’, மணமான பின் ‘சீகன்பால்கின்’. தமிழில் இது வேற்றுமை உருபு மாதிரி கேட்கும், அது இல்லை. அந்தக் காலத்து மரியாதையான பெண்பால் வடிவம். கையெழுத்தோ குர்ரெண்ட் என்ற பழைய பாணி. அதில் சிறிய ‘e’ எழுத்து நாம் பழகிய ‘n’ எழுத்தைப் போலவே இருக்கும். நம் பெயரில் அந்த இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, அதனால் அட்டவணை போட்டவர்கள் தவறாகப் படித்திருக்க நிறையவே இடம் உண்டு. அட்டவணையில் இல்லை என்றால் பதிவேட்டிலும் இல்லை என்று விட்டுவிடாமல் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

இணையத்தில் ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கேடயமும் சிங்கமும் வரைந்து விற்பார்கள். ஜெர்மனியில் கேடயச் சின்னம் பெயருக்கு உரியதில்லை, அதைப் பெற்ற குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. பெயர் அரிதாக இருப்பதால் பிரபு வம்சமாக இருக்கும் என்ற நினைப்பும் தப்பு. இங்கே பார்த்த மாதிரி, ஆட்டுத்தோலைச் சுமந்து நடந்த ஒருவரைப் பார்த்து யாரோ கூப்பிட்டதிலிருந்தும் அரிய பெயர் கிளம்பும். தேட ஆரம்பிப்பதாக இருந்தால் காசைச் சின்னத்துக்குக் கொடுக்காமல் புல்ஸ்னிட்ஸ் தேவாலய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மிஷன் காலத்துக் கடிதங்கள் வேண்டுமென்றால் ஹாலே நகரின் ஃபிராங்கே அறக்கட்டளை ஆவணக் காப்பகம். சீகன்பால்கு படித்ததும், தரங்கம்பாடியிலிருந்து அவர் எழுதியது போய்ச் சேர்ந்ததும் அந்த ஊருக்குத்தான்.